பிழைதிருத்தம்

எங்கள் ஊரில் இறந்தவர்கள்
முதலில் கதவில் குடியேறுவார்கள்.
பிறகு பேருந்து நிறுத்தம், விளக்குக் கம்பம்,
ரொட்டிக்கடைச் சுவர்.
நாற்பதாம் நாள் ஒரு தாள், ஆறாம் மாதம் ஒரு தாள்,
அப்புறம் ஆண்டுக்கொன்று.
அச்சடிப்பது நான்.
ரூசே நகரில், டான்யூப் கரைக்கு இறங்கும் தெருவில்,
சாவி வெட்டுபவனுக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
எட்டடி அகலக் கடை.

ரங்கெல் மீஹோவ் முதல்முறை வந்தபோது
தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார்.
"ஸ்வெதானா மீஹோவா. அறுபத்தொன்று."
வேறென்ன போடட்டும் என்றேன்.
"வேறென்ன" என்றார், கேள்வியாக அல்ல.
அந்தத் தாளில் வெள்ளை இடம் நிறைய இருந்தது.
அதைப் போலொரு தாள்
அதற்குப் பிறகு நான் அடிக்கவில்லை.

ஆறாம் மாதம் 'அன்பு மனைவி' வந்தது.
ஓராண்டில் 'ஆறாத் துயருடன் கணவர்'.
இரண்டாம் ஆண்டு 'ஆறாத்' போதவில்லை.
மேசையில் விரலால் தட்டியபடி யோசித்தார்,
கோட்டுக்குப் பொத்தான் தேர்ந்தெடுப்பவர் போல.
'ஞாயிறுதோறும் கல்லறைக்கு நடந்தே செல்லும் கணவர்.'
'நடந்தே' மட்டும் தடித்த எழுத்தில்.
முழங்கால் வலியையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார்.
இடமில்லை.

நான்காம் ஆண்டு படம் மாறியது.
வர்ணா கடற்கரையில் இருவரும்.
அவர் வெயிலுக்குக் கண் சுருக்கிச் சிரிக்கிறார்.
அவள் யாரையோ கூப்பிடத் திரும்பியிருக்கிறாள்:
ஒரு காது, பாதிக் கன்னம், காற்றில் கூந்தல்.
"உங்கள் மனைவியின் முகம் தெரியவில்லையே."
"இதில்தான் நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்."
நாங்கள்.

பொய் என்று நான் சொல்லவில்லை.
நடக்கத்தான் செய்கிறார்.
பூக்காரி பென்காவிடம் நின்று, எத்தனை கிலோமீட்டர்
என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.
அழத்தான் செய்கிறார்,
லிண்டன் மரத்தில் தானே ஒட்டிய தாளின் முன்,
கண்ணாடியை மாட்டிக்கொண்டு,
தன் வரியைத் தானே படித்து.

அவருடைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம்
என் மேசையின் கீழ் இழுப்பறையில்.
வெள்ளிக்கிழமை மாலைகளில் ஸ்லாட்டினா வருவாள்.
ஒரு புட்டி ஒயினைத் திறந்து
ஏற்ற இறக்கத்தோடு வாசிப்போம்.
அவர் எதிரில் ஒருநாளும் சிரித்ததில்லை நான்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

மார்ச்சில் என் தம்பி கலோயான் செத்துப்போனான்.
ப்ளெவெனில், வாடகை அறையில்.
கதவை உடைக்க மூன்று நாள் ஆகியிருந்தது.
அந்தக் குளிர்காலம் முழுக்க
என் கைபேசியில் அவன் பெயர் ஒளிரும், அணையும்.
கடன்தான் கேட்பான்.
கடையில் வேலை இருந்தது.
உண்மையாகவே இருந்தது.

எழுத உட்கார்ந்தேன்.
எண்ணூறு குடும்பங்களுக்கு எழுதிய கை.
கலோயான் தினேவ். நாற்பத்து நான்கு.
மிச்சமிருந்த வெள்ளை இடம் என்னைப் பார்த்தது.
அப்படியே விட்டிருக்கலாம்.
'கடைசிவரை கைவிடாத அக்கா' என்று தட்டினேன்.
கொஞ்சம் யோசித்து
'கடைசிவரை'யைத் தடிப்பாக்கினேன்.
இரண்டு முறை பிழை பார்த்தேன்.
ஒரு பிழையும் இல்லை.

கடைக் கதவில் ஒட்டிய மறுநாள்
ரங்கெல் மீஹோவ் வந்தார்.
இந்த முறை தொப்பியைக் கழற்றினார்.
நின்று, உதடசையப் படித்தார், இரண்டு தடவை.
"எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது" என்றார்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம்தான்.

பிறகு, குரலைத் தாழ்த்தி,
"'கைவிடாத'... அடுத்த ஆண்டுக்கு
நான் எடுத்துக்கொள்ளலாமா?"

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
வெள்ளிக்கிழமை ஸ்லாட்டினாவிடம்
அதை மட்டும் சொன்னேன்.